பெண்ணுக்கு மட்டும் ஒரு டெஸ்ட்

1

இன்று ஆடிப் பெருக்குக்கு மறுநாள். பரமத்தி வேலூரில் நேற்று காவிரியில் முழுகிவிட்டு வந்தவர்கள் இன்று அசதியில் கிடப்பார்கள். நான் இங்கே நியூசிலாந்தில், ஹாமில்டன் என்கிற ஊரில், காரின் கண்ணாடியில் படிந்த உறைபனியைப் பழைய பஸ் கார்டால் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஆடி இங்கே நடுக் குளிர்காலம். வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, விரல்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் ஆடி நோம்பி கிடையாது. புதுத்துணி கிடையாது, பலகாரம் கிடையாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் அப்பா, "எங்க வழக்கம் அப்படிங்க" என்று முடித்துவிடுவார். அது வழக்கமே இல்லை. ஆடிப் பெருக்குக்கு மறுநாள் என் கடைசித் தம்பி குணா செத்துப்போனான். அவனுக்குப் பதினொரு வயது. எதனால் என்று கேட்டவர்களிடம் காமாலை என்று சொன்னோம். அதுவும் பொய்.

அவனுக்கு இருந்தது தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாக உண்டாக்காது; மாதாமாதம் சேலத்துக்குக் கூட்டிப்போய் அடுத்தவர் ரத்தத்தை ஏற்ற வேண்டும். ஊருக்குள் தெரியக் கூடாது என்று அப்பா முதல் பஸ்ஸில் கூட்டிப்போவார். யாராவது கேட்டால், "பெரியம்மா ஊட்டுக்குங்க" என்பார். போகும்போது வெளுத்துப்போய் அம்மா தோளில் சாய்ந்திருக்கிறவன், வரும்போது கண்டக்டரிடம் வம்பிழுத்துக்கொண்டு வருவான். வீட்டுக்கு வந்ததும் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டு அதன் பின்னால் ஓடுவான். அடுத்த சில வாரங்களில் அந்தத் தெம்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும்.

ஏன் மறைத்தார்கள் என்றால், எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும், நடுவிலிருந்த தம்பி செல்வராசுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். ரத்தத்தில் நோய் உள்ள வீடு என்று பேர் வந்துவிட்டால் யார் பெண் கொடுப்பார்கள், யார் பெண் எடுப்பார்கள்? அந்த நோயால் குணாவுக்கு நெற்றியும் கன்னமும் கொஞ்சம் புடைத்திருக்கும். முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று அப்பா அவனைப் போட்டோ எடுக்க விட்டதில்லை. அம்மா ஒரே ஒருமுறை, ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்த மறுநாள், அப்பாவுக்குத் தெரியாமல் அவனைத் திருச்செங்கோட்டு ஸ்டுடியோ ஒன்றுக்குக் கூட்டிப்போனார். நான் கல்யாணமாகிப் போகும்போது அந்தப் படத்தை என் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்து அனுப்பினார். எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்துச் சுவரில், செத்தவர்கள் எல்லோரும் மாலையோடு வரிசையாக இருக்கிறார்கள். குணா மட்டும் இல்லை.

வருடா வருடம் இந்த நாளில் நான் அவன் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு வைப்பேன். மற்ற நாளெல்லாம் வாட்ஸாப்பில் குட்மார்னிங் அனுப்புகிற செல்வராசு இந்த நாளில் மட்டும் பேச மாட்டான். நானும் கூப்பிட மாட்டேன். இது இப்படியே போயிருக்கும், போன தை மாதம் அவன் மகள் கீர்த்தனாவின் கல்யாணம் நின்றுபோகாமல் இருந்திருந்தால்.

2

கீர்த்தனாவுக்கு இருபத்தாறு வயது. திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். மாப்பிள்ளை வீட்டார் போர்வெல் போடுகிற ரிக் லாரி வைத்திருக்கிறவர்கள், பையன் பெங்களூரில் வேலை. ஜாதகம் பொருந்தியது. கூட்டம், அதாவது குலம், வேறு வேறு, அதனால் பங்காளிச் சிக்கல் இல்லை. தோட்டம் துரவு பார்த்தாயிற்று. வெற்றிலை பாக்கு மாற்ற நாள் குறிக்கிற சமயத்தில் பையனின் அம்மா ஒன்று கேட்டார்.

"இப்பெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்துப்போடறாங்க. சகசம்தானுங்க. புள்ளைக்கு ஒண்ணு எடுத்துரலாமுங்களா?"

கீர்த்தனா சரி என்றாள். படித்த பெண், நல்ல விஷயம்தானே என்று நினைத்திருக்கிறாள். "அவரும் எடுக்கறாருங்களா?" என்று கேட்டாள். அந்த அம்மா சிரித்தாராம்.

"பையனுக்கு எதுக்கு சாமி?"

கூட இருந்த எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். என் தம்பியும் சிரித்திருக்கிறான். இதை அவள் என்னிடம் போனில் சொன்னபோது, பழைய கதை எதுவும் தெரியாமலேயே, அந்தச் சிரிப்பைத்தான் முதலில் சொன்னாள்.

முடிவு வந்தது. தலசீமியா கேரியர். அதாவது நோயாளி அல்ல. நமக்கு ஒவ்வொரு ஜீனும் இரண்டு இரண்டாக வருகிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்த விஷயத்தில் ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். கேரியர் சாப்பிடுவார், தூங்குவார், பிள்ளை பெறுவார், கிழவியாகிச் சாவார். இரண்டு கேரியர்கள் கட்டிக்கொண்டால் மட்டும், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு குணாவைப் போல ஆகிற வாய்ப்பு உண்டு. அதனால் பெண்ணை மட்டும் பார்க்கிற டெஸ்டுக்கு அர்த்தமே கிடையாது. பையனையும் பார்த்தால்தான் அது டெஸ்ட். பரிசோதனை மையத்து டாக்டரே துணைவரையும் பார்க்கவும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதை யாரும் படிக்கவில்லை.

"புள்ளைக்கு ரத்தத்துல கோளாறாமுங்க, நமக்கு வேண்டாமுங்க" என்று தரகர் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். அதோடு விட்டார்களா? மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு வரை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கல்லூரியில் உடன் வேலை பார்க்கிற ஒரு பெண், கீர்த்தனாவின் தண்ணீர் பாட்டிலிலிருந்து குடிப்பதை நிறுத்திவிட்டாள். இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்கிற பெண்.

என் தம்பிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்கிறீர்கள்? மகள் மேல்.

"யாரு உன்னையப் போய் ரத்தம் குடுக்கச் சொன்னது?" என்று கத்தியிருக்கிறான். "குடுக்காம இருந்திருந்தா இந்நேரம் கல்யாணம் முடிஞ்சிருக்கும்."

இத்தனைக்கும் அவள் ரத்தத்தில் இருக்கிறது யார் வழியாக வந்தது என்று அவனுக்குத் தெரியும். குணாவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன் அவன்.

3

நான் வேலை பார்ப்பது ஒரு மாட்டு லேபில். பண்ணைகளிலிருந்து வருகிற பால் மாதிரியையும், கன்றுகளின் காதில் எடுத்த துளிச் சதையையும் இயந்திரங்களில் ஏற்றி, எந்த மாட்டுக்கு என்ன ஜீன் என்று பார்த்துச் சொல்லுகிற இடம். என் ஆங்கிலமே அந்த லேபில் கற்றதுதான். வந்த புதிதில், கூட வேலை பார்க்கிற நிறைமாதக்காரி ஒருத்தியிடம் அன்போடு, எப்போது கன்று போடுகிறாய் என்று கேட்டுவிட்டேன். பிரசவத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் அதுதான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, மூச்சு முட்டச் சிரித்தாள். இன்றைக்கும் யாருக்காவது பிள்ளை பிறந்தால் என்னிடம் வந்து "கன்று போட்டாச்சு" என்றுதான் சொல்லுகிறார்கள்.

மாட்டு லேபில் எனக்குப் புரிந்த ஒரு விஷயம் உண்டு. இங்கே முதல் டெஸ்ட் காளைக்குத்தான். ஒரு பசு வருடத்துக்கு ஒரு கன்று போடும். ஒரு காளையின் விந்து ஊர் ஊராகப் போகும். அதனால் காளையை அலசி ஆராய்ந்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். பசுவுக்கும் காளைக்கும் சொந்தம் நெருக்கமாக இருந்தால் கம்ப்யூட்டரில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வரும். மாட்டுக்கு எச்சரிக்கை வருகிறது. எங்கள் வீட்டில் அதே பொருத்தத்துக்குப் பத்திரிகை அடிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து முறை தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். ஒரே கூட்டத்துக்குள் கட்ட மாட்டோம். எத்தனை தலைமுறைக்கு முன்னால் பிரிந்திருந்தாலும், முகமே தெரியாதவர்களாக இருந்தாலும், அண்ணன் தங்கச்சி முறை. ஆனால் மாமன் மகளைக் கட்டலாம். கட்டலாம் என்ன, அது உரிமை, கேட்காவிட்டால்தான் கோபம் வரும். கூட்டம் அப்பன் வழியில் மட்டும் வருகிறது. ஜீன் அப்பன் வழியிலும் வருகிறது, ஆத்தாள் வழியிலும் வருகிறது. கூட்டம் பார்த்துத் தடுக்கிற தடுப்பு அதற்குக் கண்ணிலேயே படாது. என் அப்பா கட்டியது சொந்த மாமன் மகளை. இரண்டு பேருக்கும் ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பழுது, குணாவிடம் வந்து சேர்ந்துகொண்டது.

இதற்காக நான் முன்னோர்களைத் திட்டவில்லை. அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் செய்கிறவர்களைத்தான் திட்டுகிறேன்.

4

கல்யாணம் நின்ற இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செல்வராசு கூப்பிட்டான். குரல் ரொம்பப் பணிவாக இருந்தது. அவன் பணிவாகப் பேசினாலே எனக்குப் பயம்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நம்ம ரிசிக்கே கீர்த்தனாவக் கட்டிப்போட்டா என்ன? வெளிய போனாத்தான் டெஸ்ட்டு, ரிப்போர்ட்டுன்னு கேக்கறாங்க. நீ கேக்க மாட்டயல்ல? அத்தை ஊடு. உரிமை ஊடு. யாரும் ஒரு வார்த்த பேச முடியாது."

ரிஷி என் மகன். இருபத்தெட்டு வயது, வெலிங்டனில் இருக்கிறான். என் தம்பி சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெண்ணின் ரத்தத்தில் இருக்கிற ஒன்றை மறைப்பதற்காக, அதே ரத்தம் ஓடுகிற ஒரே வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கப் பார்க்கிறான். ஊர் உலகத்தில் வேறு யாரைக் கட்டினாலும் அவளுக்கு இவ்வளவு ஆபத்து இல்லை. அவமானத்துக்குப் பயந்து ஓடுகிறவன் நேராக நோயின் வாசலில் போய் நிற்கிறான். எங்கள் ஆட்களால் மட்டும்தான் இப்படி ஒரு தப்பை இவ்வளவு பாசத்தோடு செய்ய முடியும்.

"செல்வா, குணாவ மறந்துட்டயா?" என்றேன்.

பின்னால் அவன் பண்ணைக் கோழிகள் கத்துவது கேட்டது.

"அந்தப் பேச்ச எதுக்கு இப்ப எடுக்கற" என்றான்.

ரிஷியிடம் சொன்னேன். அவன் தமிழ் அரைகுறை, பாதிக்கு மேல் புரியாது, ஆனால் இது புரிந்தது. "அம்மா, கீர்த்து என் கசின். தங்கச்சி மாதிரி" என்றான். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு மாமன் மகளும் தங்கச்சிதான். நான் எத்தனையோ தடவை அவனிடம் முறை சொல்லிக்கொடுக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக, அவன் அதைக் கற்றுக்கொள்ளாதது நல்லது என்று தோன்றியது. குணாவின் கதையையும் சொன்னேன். அவன், "சரி, நானும் டெஸ்ட் எடுக்கறேன், நீயும் எடு" என்றான். பையனுக்கு எதுக்கு என்று அவன் கேட்கவில்லை.

எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். நல்ல மனுசி. ரத்தம் எடுக்கச் சீட்டு எழுதுகிறதற்கு முன் பேனாவை வைத்துவிட்டு, ஆயுள் காப்பீடு எதுவும் எடுக்கிற யோசனை இருக்கிறதா என்று கேட்டார். இந்த டெஸ்டுக்குப் பெரிதாகப் பிரச்சினை வராது, ஆனால் மரபணு டெஸ்ட் என்று வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுவாராம். தெரிந்த பிறகு காப்பீட்டுக்காரர்கள் கேட்டால் சொல்லியாக வேண்டும், தெரியாதவரை சொல்ல ஒன்றுமில்லை. அதனால் சிலர் முதலில் காப்பீட்டை எடுத்துவிட்டு அப்புறம் டெஸ்டுக்கு வருகிறார்கள் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் பஸ், பெரியம்மா ஊடு, காமாலை. என் அப்பா செய்ததையேதான் இங்கே கோட்டுப் போட்டு, காபி கொடுத்து, அக்கறையோடு சொல்லுகிறார்கள். நம் ஊரில் சம்பந்தி பயம், இங்கே கம்பெனி பயம். பிறக்கும்போதே உடம்போடு வந்த ஒன்றுக்காக ஒருவரை ஒதுக்கலாம் என்று ஆகிவிட்டால், எந்த நாட்டிலும் மனிதர்கள் ஒளிக்கத்தான் செய்வார்கள்.

இரண்டு பேருக்கும் முடிவு வந்தது. நான் கேரியர். ரிஷியும் கேரியர்.

5

இதைச் சொன்னதும் செல்வராசு அடங்குவான் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூப்பிட்டான். இந்தத் தடவை லைனில் இன்னொருவரும் இருந்தார். சேலத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் ஆலோசகராம். பேச்சில் தேன் ஒழுகியது.

"மேடம், ரெண்டு பேரும் கேரியர்னா கவலையே வேண்டாம். கருவை வெளியில உருவாக்கி, டெஸ்ட் பண்ணி, நல்ல கருவை மட்டும் வைக்கலாம்."

அதுவரை அவர் சொன்னது சரி. அப்படி ஒரு முறை இருக்கிறது, நோய் உள்ள பிள்ளையைப் பெற்றுப் புதைத்த வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். என் மகன் அவளைக் கட்டப் போவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"அடுத்த கட்டமா ஜீனையே வெட்டித் திருத்தற டெக்னாலஜி வருது மேடம். இங்க சட்டம் விடாது, வெளிநாட்டுல சில இடத்துல பேசிட்டிருக்கோம். நீங்க அங்கயே இருக்கறதால ஈசி. நோயை எடுக்கறப்பவே நிறம், உயரம், படிப்பு எல்லாம் கொஞ்சம் பாத்துக்கலாம். எல்லாப் பேரண்ட்ஸும் கேக்கறாங்க."

செல்வராசு இடையில் மெதுவாக, "பையனாவே பாத்துக்கலாமாம் அக்கா" என்றான்.

இவன் வைத்திருப்பது முட்டைக்கோழிப் பண்ணை. குஞ்சு வாங்கும்போது அத்தனையும் பெட்டையாக இருக்க வேண்டும், ஒரு சேவல் கலந்திருந்தாலும் கம்பெனிக்காரனிடம் சண்டைக்குப் போவான். பண்ணையில் பெட்டை மட்டும் வேண்டும், வீட்டில் ஆண் மட்டும் வேண்டும். பெண் குழந்தைகளைக் கருவிலேயே தேடித் தேடி அழித்த ஜில்லாக்காரர்கள் நாம். அந்த வெட்கமே இன்னும் காயவில்லை, அதற்குள் புதுக் கத்தியோடு வந்துவிட்டார்கள்.

நான் அந்த ஆலோசகரிடம் ஒன்று கேட்டேன். "தம்பி, நல்ல கரு, நல்ல கருங்கறீங்களே. நோய் இல்லாம, எந் தம்பி மகளாட்ட கேரியரா மட்டும் ஒரு கரு இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அது கிளையன்ட்டோட விருப்பம் மேடம். பெரும்பாலும் வேண்டாம்னுதான் சொல்வாங்க."

"அப்ப எந் தம்பி மக வேண்டாம். எம் பையன் வேண்டாம். நானும் வேண்டாம். உங்க லைன்ல இருக்கறாரே எந் தம்பி, அவரும் அநேகமா வேண்டாம். உங்ககிட்டப் பேசிட்டிருக்கற குடும்பத்துல ஒருத்தரும் தேற மாட்டோம். அப்பறம் யாருக்காக இதெல்லாம்?"

அவர் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். கோபம் வந்தால் எனக்குக் கொங்குத் தமிழ்தான் வரும், இருபது வருடமாகியும் ஆங்கிலத்தில் கோபப்படத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீனைத் தொடவே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. தலசீமியாவுக்கு இப்போது ஒரு சிகிச்சை வந்திருக்கிறது. நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை எடுத்து, ஜீனைத் திருத்தி, அவர் உடம்புக்குள்ளேயே திரும்பச் செலுத்துகிறார்கள். அதன்பின் பலருக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியதில்லையாம். அதைப் பற்றி முதலில் கேள்விப்பட்ட நாள் லேபில் கழிவறைக்குப் போய் அழுதேன். குணா இருந்திருந்தால், அது எட்டுகிற விலையில் இருந்திருந்தால், ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டேன். இருக்கிற ஒரு பிள்ளையின் வலியைத் தீர்க்கிறது அது. அவனைக் கேட்டுச் செய்யலாம், அவனோடு முடிந்துவிடும்.

இந்த ஆசாமி விற்பது வேறு. இன்னும் பிறக்காத ஒருவரை, அவருக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரையும், கல்யாணச் சந்தையில் விலை போகிற மாதிரி முன்கூட்டியே வெட்டித் தைத்துவைப்பது. தப்பாகத் தைத்துவிட்டால் பிரித்துப் போட முடியாது. நான் மாட்டு லேபில் வேலை பார்க்கிறவள். தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தேறாத கன்று எங்கே போகிறது என்றும் தெரியும். நாளைக்கு இது நாலு பணக்கார வீடுகளில் நடந்துவிட்டால், திருத்தாமல் பிறந்த பிள்ளையைப் பார்த்து, "ஏனுங்க, உங்க அப்பா அம்மா பாத்துப் பெக்கலீங்களா?" என்று கேட்கிற காலம் வரும். பெண் பார்க்க வருகிறவர்கள்தான் அதை முதலில் கேட்பார்கள்.

அன்று சாயந்தரமே செல்வராசு தனியாகக் கூப்பிட்டான். நான் திட்டத் தயாராக இருந்தேன். அவன் சொன்னது ஒன்றுதான்.

"எனக்கு வேற வழி தெரியலக்கா. கடைசி வரைக்கும் எம் புள்ள இப்படியே நின்னுருமோன்னு பயமா இருக்குது."

திட்டாமலேயே போனை வைத்தேன்.

6

கீர்த்தனாவிடம் நான்தான் சொன்னேன். யாரும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது, சொல்ல வேண்டிய ஆள் அவள்தான். போனில் கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "எனக்கு ஒரு சித்தப்பா இருந்தாருங்களா அத்தை?" என்றாள். இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் வளர்ந்த பெண்.

"போட்டோ இருக்குதுங்களா?"

சேலைக்கு அடியில் வந்த படத்தை எடுத்து, ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்து, போனில் பிடித்து அனுப்பினேன். பெரிய கட்டம் போட்ட சட்டை. கையைக் கட்டிக்கொண்டு, ரத்தம் ஏறிய தெம்பில், கேமராக்காரனை வம்புக்கு இழுக்கிற சிரிப்பு. நெற்றி புடைத்துத்தான் இருக்கிறது. அவள் அதைத் திருச்செங்கோட்டில் கொடுத்துப் பிரின்ட் போட்டு, சட்டமும் போட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்ததாகத் தன் ஜாதகக் குறிப்பில், படிப்புக்கும் சம்பளத்துக்கும் கீழே, தலசீமியா கேரியர், பையனும் டெஸ்ட் எடுத்திருக்க வேண்டும் என்று அவளே சேர்த்துத் தரகரிடம் கொடுத்தாள். தரகர் அந்த வரியை மட்டும் மடித்துவைத்துக் காட்டுகிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஆனி கடைசியில், ஆடி பிறக்கும் முன் பார்த்துவிடலாம் என்று ராசிபுரம் பக்கமிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். அத்தையும் பார்க்கட்டும் என்று கீர்த்தனா வீடியோ கால் போட்டு, போனை அலமாரியில் சாய்த்துவைத்திருந்தாள். கார் வாசலுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆசாரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினாள். தாத்தா பாட்டி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி ஏற்கெனவே அடித்திருந்தாள்; குணாவின் படத்தை அதில் மாட்டினாள்.

செல்வராசு அப்போதுதான் பார்த்தான்.

"அதையெதுக்கு இப்ப? எடுத்துப்போடு."

"எடுக்க மாட்டனுங்க."

"ஒறம்பரை வாசல்ல நிக்கறாங்க, எடு சாமி." குரல் கெஞ்சியது.

அதற்குள் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது. அவள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வந்தவர்கள் பையன், அப்பா அம்மா, ஒரு பெரியப்பா. காபி வந்தது. மழை, முட்டை விலை, ரோடு போடுகிறது எல்லாம் பேசினார்கள். பெரியப்பாவின் கண் சுவரில் வரிசையாகப் போய் கடைசிப் படத்தில் நின்றது.

"இது யாருங்க, சின்னப் பையன்?"

என் போனில் செல்வராசின் முகம் தெரியவில்லை. மடியில் கிடந்த துண்டை அவன் கை முறுக்குவது மட்டும் தெரிந்தது. காமாலை என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் மனப்பாடம் செய்து வளர்ந்த பதில் அது.

"என்ற தம்பிங்க," என்றான். "ரத்த நோயில போயிட்டானுங்க. தலசீமியா. அது எங்க ஊட்டுல இருக்குதுங்க, எம் புள்ளைக்கும் கேரியரா இருக்குது. அவளுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கறா." கொஞ்சம் நிறுத்தினான். "உங்க பையனுக்குப் பாத்துட்டீங்களா?"

அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். போய்ப் பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். அதுவரை வாயே திறக்காத பையன் மட்டும் வாசல்படியில் நின்று, "அந்த டெஸ்ட் எங்கீங்க எடுக்கறது?" என்று கீர்த்தனாவிடம் கேட்டான். எடுத்தானா என்று தெரியாது. ஆடி பிறந்துவிட்டது, இந்த மாதத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வராமலும் போகலாம். வராவிட்டால் அது அவர்கள் நஷ்டம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் அவள் போனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிகிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அவர்கள் போன பிறகு செல்வராசு படத்தைக் கழற்றியிருப்பான் என்றுதான் இருந்தேன். கேட்கவில்லை.

இன்று மதியம் லேபில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது போன் அதிர்ந்தது. இந்த நாளில் ஒருநாளும் பேசாதவனிடமிருந்து ஒரு வாட்ஸாப்.

"அக்கா, குணா படம் சின்னதா இருக்குது. கீழ இருந்து பாத்தா மொகமே தெரிய மாட்டேங்குது. உங்கிட்ட வேற இருக்குதா?"

வேறு இல்லை என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் பதில் போட்டேன்.

"அது ஒண்ணுதான் இருக்குது. அதையே பெருசா போட்டு மாட்டு."